ஸ்கோர்: ஒரு கீறலின் வரலாறு

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல், என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் துறை அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். தங்கையின் பொறியியல் படிப்புக்காகக் கல்விக்கடன் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். இணை விண்ணப்பதாரர் தந்தை. வங்கியில் “ஸ்கோர் போதவில்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அவர் என்னைக் கேட்ட கேள்வி இது: “ஐயா, ஸ்கோர் என்றால் மதிப்பெண்தானே? எங்கப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். எந்தப் பரீட்சையில் அவருக்கு மதிப்பெண் குறைந்தது?”

கேலியாகக் கேட்கப்பட்ட கேள்விதான். ஆனால் அவருடைய முகத்தில் கேலி இல்லை. என்னாலும் உடனே விடை சொல்ல முடியவில்லை. சொல்லின் பொருள் கேட்டால் அகராதியை நோக்கிக் கை நீள்வது தமிழாசிரியர்களுக்கு உள்ள நோய். அன்றிரவு அகராதியைப் பிரித்தவன், ஒரு தீ விபத்து வரைக்கும் போய்த்தான் நின்றேன். அந்தப் பயணத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இன்று ‘ஸ்கோர்’ என்ற சொல்லை அறியாத தமிழர் எவருமிலர். கிரிக்கெட் நடக்கும் நாளில் தேநீர்க்கடை வாசலில் நிற்கும் முதியவரும் “ஸ்கோர் என்ன தம்பி?” என்றுதான் கேட்கிறார், ‘ஓட்டங்கள் எத்தனை’ என்று எவரும் கேட்டு நான் அறிந்ததில்லை. தேர்வில் ஸ்கோர், விளையாட்டில் ஸ்கோர், திரைப்படத்தின் பின்னணி இசைக்கு ஸ்கோர். இத்தனை இடங்களில் வழங்கும் இச்சொல்லுக்கு மூலப்பொருள் என்ன? எண் அன்று, புள்ளியும் அன்று. கீறல். கத்தியால் மரத்தில் இடும் வெட்டு.

பழைய ஸ்காண்டிநேவிய மொழியான நோர்ஸில் ‘ஸ்கோர்’ என்றால் வெட்டுத்தடம். வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தில் அவர்களோடு வந்த சொற்களுள் இதுவும் ஒன்று. வெட்டுதல் என்னும் பொருளுடைய மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து இது கிளைத்தது என்பர். ஆட்டு மயிரைக் கத்தரிப்பதைக் குறிக்கும் ‘ஷியர்’, பங்கைக் குறிக்கும் ‘ஷேர்’, குறுகியதைக் குறிக்கும் ‘ஷார்ட்’, ஏன், நாம் அணியும் ‘ஷர்ட்’டும் (வெட்டிக் குறுக்கிய ஆடை என்க) இதற்கு உறவு. இன்றும் ஆங்கிலச் சமையல் நூல்களில் இறைச்சியின் மேல் கத்தியால் கோடு கீறச் சொல்லும் இடத்தில் இதே சொல்தான் வரும்.

நோர்ஸிலேயே இச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: இருபது. ஆடுகளை எண்ணும்போது இருபதுக்கு ஒரு பெரிய வெட்டு இட்டிருப்பார்கள். அதனால் அவ்வெட்டின் பெயரே இருபதுக்கு ஆயிற்று என்று சொல்லாய்வாளர் ஊகிக்கின்றனர். ஊகம்தான் எனினும் பொருந்தும் ஊகம். கைவிரல் பத்தும் கால்விரல் பத்தும் சேர்த்து இருபதால் எண்ணும் வழக்கம் உலகில் பல இனத்தாரிடம் உண்டு. பிரெஞ்சில் எண்பதை இன்றும் ‘நான்கு இருபது’ என்றே சொல்வர். பாரிசில் ஒன்பதாம் லூயி மன்னன் 13ஆம் நூற்றாண்டில் பார்வையற்றோர் முந்நூறு பேருக்காக அமைத்த இல்லத்தின் பெயர், ‘பதினைந்து இருபதுகள்’ என்று பொருள்படும் ‘கேன்ஸ்-வேன்’. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசன் விவிலியத்தில், 90ஆம் சங்கீதம் மனித ஆயுளை மூன்று ஸ்கோரும் பத்தும் என்று கணக்கிடுகிறது, அதாவது எழுபது. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பேச எழுந்த ஆபிரகாம் லிங்கன், 1776இன் விடுதலைப் பிரகடனத்திலிருந்து ஓடிய எண்பத்தேழு ஆண்டுகளை நான்கு ஸ்கோரும் ஏழும் என்று சொல்லித் தொடங்கியதை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். விவிலிய நடையின் கம்பீரம் வேண்டித்தான் அவர் அப்படிச் சொன்னார். ‘எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு’ என்றால் அது கணக்கப்பிள்ளையின் பேச்சாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவர் கைக்கொண்ட சொல்தான் உண்மையில் கணக்கப்பிள்ளையின் சொல்.

அந்தக் கணக்கப்பிள்ளையைப் பார்க்க 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அரசனின் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்று பெயர். சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசை. அதன்மேல் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டிய துணி. அத்துணியால் வந்த பெயர் அது. ஆண்டுக்கு இருமுறை, ஈஸ்டரிலும் மைக்கேல் திருநாளிலும், ஒவ்வொரு வட்டாரத்தின் ஷெரிஃபும் வந்து தான் தண்டிய வரியை அங்கே கட்ட வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்ப்பார்கள். கட்டிய பணத்துக்குச் சான்று? காகிதம் இல்லை, தோலேடு விலை மிகுந்தது, எழுத்து லத்தீனில். எனவே ஒரு குச்சி. ஆங்கிலத்தில் ‘டாலி’, வெட்டிய கொம்பு என்னும் பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

இந்தக் குச்சியை எப்படிச் செய்வது என்று விளக்கமாக எழுதி வைத்திருக்கிறார் ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்னும் கருவூல அதிகாரி. இரண்டாம் ஹென்றியின் காலத்தில், ஆசிரியரும் மாணாக்கரும் வினா விடையாகப் பேசும் முறையில் லத்தீனில் அவர் எழுதிய ‘கருவூல உரையாடல்’ என்னும் நூல் அது. நம் உரையாசிரியர் மரபில் பழகியவர்க்கு அந்நூலின் நடை அந்நியமாகத் தோன்றாது. குச்சியின் நீளம், சுட்டுவிரல் நுனியிலிருந்து விரித்த பெருவிரல் நுனி வரை. அதில் ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கையின் பருமனுக்கு ஒரு வெட்டு. நூறு பவுனுக்குப் பெருவிரல் அகலம். இருபது பவுனுக்குச் சிறுவிரல் அகலம். ஒரு பவுனுக்குப் பருத்த வாற்கோதுமை மணி ஒன்றின் அளவு. ஷில்லிங்குக்கு அதனினும் சிறியது. பென்னிக்கு மரம் சிறிதும் நீங்காமல் கத்தியால் ஒரே ஒரு கீறல். நூற்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் பத்து இல்லை, இருபதுதான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சிறுவிரல் அகல வெட்டுத்தான் ஒரு ‘ஸ்கோர்’ பவுன்.

வெட்டுகளை இட்டபின் குச்சியை நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள். வெட்டுகள் இரு பாதியிலும் பாதி பாதியாக விழும். ஒரு பாதி கைப்பிடியோடு சற்று நீளமாக இருக்கும். அதற்கு ‘ஸ்டாக்’ என்று பெயர். மற்றொன்று குட்டை, அது ‘ஃபாயில்’, இலை. நீளமான ஸ்டாக், பணம் கட்டியவன் கைக்குப் போகும். இலை கருவூலத்தில் தங்கும். பின்னாளில் வழக்கு வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பார்கள். மரத்தின் இழையோட்டம் ஒட்ட வேண்டும், வெட்டோடு வெட்டு பொருந்த வேண்டும். கட்டியவன் கூடுதலாக ஒரு வெட்டு வெட்டினால் அரசன் பாதியில் அது இராது. அரசன் ஆள் தன் பாதியைச் செதுக்கினால் குடிமகன் பாதி அதைக் காட்டிக்கொடுக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவனும் விரலால் தடவிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஆவணம். இதனினும் எளிய, இதனினும் நேர்மையான பற்றுச்சீட்டை மனித இனம் கண்டுபிடித்ததா என்று எனக்கு ஐயமே.

இங்கே தமிழாசிரியனாக ஓர் இடைச்செருகல். ‘ஸ்டாக்’ என்பதன் பழம்பொருள் மரத்தின் அடிப்பகுதி, கட்டை. வங்கிச் செலானிலும் காசோலைப் புத்தகத்திலும் கிழித்ததுபோக எஞ்சும் துண்டை ஆங்கிலத்தில் ‘கவுண்டர்ஃபாயில்’, எதிர் இலை, என்பர். அதையே தமிழில் நாம் அடிக்கட்டை என்கிறோம்! இந்தச் சொல்லை ஆக்கியவருக்கு இங்கிலாந்துக் குச்சியின் கதை தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவர் இலையைக் கைவிட்டு மரத்தைப் பிடித்தது தற்செயலாகவே இருக்கலாம். இன்னொன்று. நம் ‘வரி’ என்ற சொல்லைப் பாருங்கள். கோடும் வரி, அரசனுக்குக் கட்டுவதும் வரி. கீறலும் கடனும் ஒரே ஒலிக்குள் உறங்குகின்றன. இரண்டும் ஒரு வேரினவா, தனித்தனியா என்பதைச் சொல்நூலார்க்கு விடுகிறேன். ஆனால் ‘ஸ்கோர்’ படித்த நாள்முதல் வரிப்புலி என்று சொல்லும்போதும் எனக்குக் கருவூலம் நினைவுக்கு வருகிறது.

குச்சி அரசாங்கத்தோடு நின்றுவிடவில்லை. ரொட்டிக்கடையிலும் மதுக்கடையிலும் அன்றாடக் கடன் இப்படித்தான் எழுதப்பட்டது. பிரான்சில் 1804இல் நெப்போலியன் வெளியிட்ட உரிமையியல் சட்டத்தின் 1333ஆம் பிரிவு, சில்லறைக் கொடுக்கல் வாங்கலை இவ்வாறு குறித்துவரும் வழக்கமுடையவர்களுக்குள், ஒன்றோடொன்று பொருந்தும் குச்சிகளைச் சான்றாக ஏற்றது. இங்கிலாந்தின் மதுக்கடைகளில் குச்சிக்குப் பதில் கதவிலோ பலகையிலோ சுண்ணக்கட்டியால் கோடிடும் வழக்கமும் வந்தது. அதற்கும் ஸ்கோர் என்றே பெயர். ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில், கலகக்காரன் ஜாக் கேட் தன் ஆட்சியில் எல்லாரும் தன் கணக்கில் உண்டு குடிக்கலாம் என்று வாக்களிப்பது இந்தச் சொல்லைக் கொண்டுதான். பிறகு ஒரு பிரபுவைப் பிடித்து விசாரிக்கும் காட்சியில் அவன் சாட்டும் குற்றங்களுள் ஒன்று: எங்கள் முன்னோர்க்குக் கீறலும் குச்சியுமே புத்தகமாக இருந்தன, நீ அச்சைப் புகுத்திக் கெடுத்தாய் என்பது. 1450இல் நடந்த கலகத்தில் அச்சகம் பற்றிப் பேசுவது காலவழு. இங்கிலாந்துக்கு அச்சு வந்தது 1476இல். ஆனால் எழுத்தறியாதவனின் அச்சம் வழுவன்று. விரலால் தடவிப் பார்த்த கணக்கு, தான் படிக்க முடியாத தாளுக்கு மாறும்போது தான் ஏமாற்றப்படுவோம் என்று அவன் நினைக்கிறான்.

‘பழைய ஸ்கோரைத் தீர்த்தல்’ என்று ஆங்கிலேயர் பகை முடிப்பதைச் சொல்வது இந்தக் கடைக்கணக்கிலிருந்து வந்தது. நாமும் “கணக்குத் தீர்த்துவிட்டான்” என்று அப்படியே சொல்கிறோம்.

விளையாட்டுக்கு இச்சொல் வந்த வழி நேர்வழி. 18ஆம் நூற்றாண்டில் கிரிக்கெட் ஆடுகளத்தின் ஓரத்தில் இருவர் கத்தியும் குச்சியுமாக அமர்ந்திருப்பார்கள். ஓர் ஓட்டம் எடுத்தால் குச்சியில் ஒரு வெட்டு. ஓட்டத்துக்கே அன்று ‘வெட்டு’ என்றுதான் பெயர். 1836இல் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கிய டிக்கன்ஸின் ‘பிக்விக்’கில் வரும் புகழ்பெற்ற ஆட்டத்திலும், கணக்கர்கள் ஓட்டங்களை வெட்ட ஆயத்தமாவதாகவே எழுதியிருக்கிறார். இசைக்கு வந்த வழி சற்றே வேறு: பல கருவிகளுக்குரிய வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அவற்றை இணைக்க மேலிருந்து கீழாகக் கோடு கீறினார்கள், கோட்டின் பெயர் சுவடிக்கு ஆயிற்று. தேர்வு மதிப்பெண்ணுக்கு வந்தது இவையெல்லாவற்றுக்கும் பின்னர். இலங்கைத் தமிழர் மதிப்பெண்ணைப் ‘புள்ளி’ என்பர். அங்கே 2001 முதல் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் ‘இசட் ஸ்கோர்’ அவர்கள் வாயில் ‘இசட் புள்ளி’. மதிப்பெண் என்பதைவிடப் புள்ளி மூலத்துக்கு அணுக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. மதிப்பு என்ற சொல் உள்ளே புகுந்தவுடன் எண் ஆளை அளக்கத் தொடங்கிவிடுகிறது. புள்ளி வெறும் தடம்.

இனி, தீ விபத்து.

எக்ஸ்செக்கர் இந்தக் குச்சிகளை எழுநூறு ஆண்டுகளாகக் கைவிடவில்லை. காகிதம் வந்தது, அச்சு வந்தது, 1694இல் இங்கிலாந்து வங்கி வந்தது. குச்சிகள் மட்டும் வெட்டப்பட்டுக்கொண்டே இருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடாளுமன்றம் இவற்றை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் அப்பதவிகளில் இருந்தவர்கள் போகும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருந்ததால், 1826இல்தான் முறை முடிவுக்கு வந்தது. (அரசாங்கச் சீர்திருத்தம் எங்கும் ஒரே வேகத்தில்தான் நடக்கிறது.) மிஞ்சிய பழங்குச்சிகள் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் குவிந்து கிடந்தன. 1834இல் அந்த இடம் வேறு பணிக்குத் தேவைப்பட்டது. இரண்டு வண்டிச்சுமை குச்சிகளை என்ன செய்வது? வெளியே எரித்தால் அக்கம்பக்கத்தார் புகைக்கு முறையிடுவார்கள் என்று எண்ணி, பிரபுக்கள் அவைக்கு அடியில் இருந்த இரண்டு அடுப்புகளில் போட்டு எரிக்கச் சொன்னார் பணிமேற்பார்வையாளர் ரிச்சர்ட் வீப்லி.

1834 அக்டோபர் 16. காலையில் தொடங்கிய இரு தொழிலாளர்கள் மாலை வரை கட்டுக்கட்டாகத் திணித்துக்கொண்டே இருந்தார்கள். பல்லாண்டு காய்ந்த மரம். பிற்பகல் நான்கு மணியளவில் அவையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் காலணியை மீறித் தரை சுட்டது. புகையில் சுவரின் திரைச்சீலைகள் தெரியவில்லை. அதையும் பெரிதாக எண்ணாமல் விட்டுவிட்டார்கள். ஆறு மணிக்குத் தீ வெளியே தெரிந்தது. இரவுக்குள் பிரபுக்கள் அவையும் பொதுமக்கள் அவையும் எரிந்து முடிந்தன. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை அரும்பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். பொதுமக்கள் அவையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்தது. நாட்டின் நீட்டலளவைக்கும் நிறுத்தலளவைக்கும் மூலமாக வைத்திருந்த கோலும் எடைக்கல்லும் அந்தத் தீயில் போயின. தேம்ஸ் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுள் ஓவியர் டர்னரும் ஒருவர். அக்காட்சியை அவர் பின்னர் ஓவியங்களாகத் தீட்டினார். இன்று நாம் படங்களில் காணும் மணிக்கூண்டுடன் கூடிய நாடாளுமன்றம் அந்தச் சாம்பலின் மீது சார்லஸ் பேரி எழுப்பியது.

இந்தக் கதையை உலகறியச் செய்தவர் டிக்கன்ஸ். 1855 ஜூன் 27 அன்று லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் நிர்வாகச் சீர்திருத்தம் பற்றிப் பேசியபோது இதையே எடுத்துக்காட்டாக்கினார். அந்தக் குச்சிகளை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாமே, அது மட்டும் எவருக்கும் தோன்றவில்லையே என்பது அவருடைய குத்தல். டிக்கன்ஸுக்குக் கடன்கணக்கின் மேல் இருந்த கசப்புக்குக் காரணம் உண்டு. 1824இல் ரொட்டிக்கடைப் பாக்கிக்காக அவர் தந்தையை மார்ஷல்ஸீ சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுவன் காலணி மைத் தொழிற்சாலையில் சீசாக்களுக்குத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

மீண்டும் மாணவரின் தந்தையிடம் வருவோம். கடன் வாங்குவோரை எண்ணால் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்காவில் தொழிலாக்கியவர்கள் 1956இல் நிறுவனம் தொடங்கிய பில் ஃபேர், ஏர்ல் ஐசக் என்னும் இருவர். நாடு முழுதும் வழங்கும் அவர்களுடைய ஸ்கோர் 1989இல் வந்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் சிபில் தோன்றியது. எண் 300இல் தொடங்கி 900இல் முடிகிறது. கடைக்கதவில் சுண்ணக்கட்டியால் கீறிய கடனாகத் திரிந்த சொல், ஆடுகளம், அரங்கம், வகுப்பறை எல்லாம் சுற்றிவிட்டுக் கடனுக்கே திரும்பியிருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு. பிளந்த குச்சியின் ஒரு பாதி கடன்பட்டவனிடம் இருந்தது. இந்த எண்ணுக்கு மறுபாதி இல்லை. அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை அந்த எண்ணுக்கு உரியவரே விரலால் தடவிப் பார்க்க முடியாது. ஜாக் கேட் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று எண்ணிக்கொண்டேன்.

முற்றும் இருட்டு என்றும் சொல்வதற்கில்லை. 2017 முதல் ஆண்டுக்கு ஒருமுறை தம் முழு அறிக்கையைக் கட்டணமின்றிப் பெற ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பிழை இருந்தால் திருத்தக் கோரலாம். முப்பது நாளுக்குள் செய்ய வேண்டும் என்பது விதி. மாணவரிடம் இதைச் சொல்லி, அறிக்கையைத் தருவிக்கச் செய்தேன். மூன்று பக்கம். அதில் பல ஆண்டுகளுக்கு முன் தந்தை வாங்கிய இருசக்கர வாகனக் கடன் ஒன்று, கடைசி நான்கு தவணைகள் கட்டப்படாததாகப் பதிவாகியிருந்தது.

“கட்டிவிட்டேனே” என்றாராம் தந்தை. பரணில் இருந்து ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியை இறக்கினார். அதற்குள் ரப்பர் வளையம் இற்றுப்போய் ஒட்டிக்கொண்ட நிலையில் மொத்தத் தவணைகளின் ரசீதுகளும், மாதவாரியாக, ஒன்று குறையாமல். கடைசி நான்கின் மேல் மட்டும் நீலப் பேனாவால் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தார். முடிந்தது என்பதற்கு அவருடைய அடையாளம். அந்த நான்கையும் படியெடுத்து விண்ணப்பத்தோடு அனுப்பினார்கள். இருபத்தாறாம் நாள் பதிவு திருத்தப்பட்டது. மாணவர் தொலைபேசியில் சொன்ன புதிய எண்ணை நான் குறித்துக்கொள்ளவில்லை. தகரப்பெட்டி மறுபடி பரணுக்கே போய்விட்டதாம்.